டர்பன்ல ஒரு அட்லாண்டிக் கட்டின கதை

கோயமுத்தூர்ல பதினேழு வருஷம் டிங்கரிங் பாத்துட்டு டர்பன் வந்தவன் நான். இங்க முதலாளி நாலாவது தலைமுறை தமிழர், கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்ட வேலைக்கு கப்பல்ல வந்தவராம். அங்கிளுக்கு தெரிஞ்ச தமிழ் தம்பி, சாப்பிடு, போதும், அவ்ளோதான், ஆனா காவடிப் பாட்டு மட்டும் தப்பில்லாம பாடுவாரு. 2022ல ஒரு நாள் ஒரு போட்டோவ நீட்டி "தம்பி, கேன் டூ?"ன்னு கேட்டாரு. புகாட்டிங்கற பிரான்ஸ் கம்பெனியோட பழைய கார், டைப் 57எஸ்சி அட்லாண்டிக், அத மாதிரியே ஒண்ணு கட்டணும். கஸ்டமர் ஒருத்தர் அட்வான்ஸே குடுத்துட்டாராம், அப்பறம் எதுக்கு என்னைக் கேக்கறதுன்னு நினைச்சுக்கிட்டேன்.

1936ல இருந்து 38 வரைக்கும் மொத்தமே நாலு வண்டிதான் கட்டினாங்க, இன்னிக்கு மூணுதான் இருக்கு, நாலாவது போர் சமயத்துல காணாம போனது போனதுதான். வண்டியோட அழகே முதுகுல ஓடற மடிப்புதான், அதுல வரிசையா ரிவெட். இதுக்கு முன்னோடியா 1935ல காட்டின ஒரு சாம்பிள் வண்டிய எலெக்ட்ரான்னு ஒரு மெக்னீசியம் கலவைத் தகட்டுல பண்ணாங்க, வெல்டிங் வச்சா தீப்பிடிச்சுக்கும், அதனால தகட்ட மடிச்சு ரிவெட் அடிச்சாங்க. அப்பறம் வந்த நாலும் அலுமினியம், நல்லாவே வெல்டிங் வைக்கலாம், ஆனா வண்டிய வடிவமைச்ச ழான் புகாட்டி அழகுக்காக அந்த மடிப்ப அப்படியே விட்டுட்டாரு. ஆக ஒரிஜினல்லயே வேண்டாத ரிவெட், அத காப்பி அடிக்கத்தான் எனக்கு அஞ்சு மாசம் போச்சு.

சேஸி நாங்களே அடிச்சோம், வீல்பேஸ் 2.98 மீட்டர், இன்ஜின் சஸ்பென்ஷன் எல்லாம் ஒரு பழைய ஜாகுவார் எக்ஸ்ஜே6ல இருந்து. புகாட்டி பிரான்ஸ் வண்டியா இருந்தாலும் ஸ்டீயரிங் வலது பக்கம்தான், இந்த ஊருக்கு அப்படியே செட் ஆயிடுச்சு.

அடி வாங்கினது மர அச்சுலதான், அதாவது தகட்டோட வளைவு சரியான்னு வச்சுப் பாக்கற மரக்கூடு. ஒரிஜினல் வண்டிகிட்ட நம்மள யார் விடப் போறாங்க, அதனால பதினெட்டுல ஒரு பங்கு சைஸ் பொம்மை வண்டி ஒண்ணு வாங்கி ஸ்கேன் பண்ணி, பெருசாக்கி, பிளைவுட்ல வெட்டி அச்சு நிறுத்தினோம். கூரைத் தகடு ரெண்டு பாதியும் தட்டி முடிச்சு மேல வச்சுப் பாத்தா நடு மடிப்பு இடது பக்கமா சாஞ்சு நிக்குது. என் கை மேலதான் முதல்ல சந்தேகம் வந்துச்சு, ரெண்டு நாள் தூக்கமில்ல, அப்பறம் வெர்னியர் வச்சு அந்தப் பொம்மைய அளந்தா அதுலயே அரை மில்லிமீட்டர் கோணல். பதினெட்டால பெருக்குங்க, ஒன்பது மில்லிமீட்டர். ரெண்டு மாச வேலை குப்பைக்கு. அங்கிள் ஒண்ணும் சொல்லல, டீ வாங்கிக் குடுத்தாரு, அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு. அடுத்த அச்சுக்கு ஒரு பக்கம் மட்டும் எடுத்து, அதையே கண்ணாடில பாக்கற மாதிரி திருப்பி வெட்டினோம்.

தகடு 1.6 மில்லிமீட்டர். மண் மூட்டை மேல வச்சு கொட்டாப்புளில, அதான் மரச் சுத்தியல்ல, குழி அடிச்சு, அப்பறம் ரெண்டு உருளைக்கு நடுவுல தகட்ட விடற வீல்ல உருட்டி வழவழப்பாக்கணும். அடிக்க அடிக்க தகடு இறுகிப் போகும், அப்ப சூடு காட்டி இளக்கணும், ஆனா அலுமினியம் இரும்பு மாதிரி சிவந்து காட்டாது, திடீர்னு ஓட்டை விழுந்துரும். அதுக்கு எங்க ஆசான் சொல்லிக் குடுத்தது துணி துவைக்கற பார் சோப்பு. தகட்டுல ஒரு கோடு இழுத்துட்டு ஃப்ளேம் காட்டுங்க, கோடு கருத்த உடனே நிறுத்திடுங்க, அவ்ளோதான். இங்க ஒரு பையன் தெர்மாமீட்டர் கன் வச்சுட்டு சிரிச்சான், பளபளன்னு இருக்கற அலுமினியத்துல அது தப்பாத்தான் காட்டும், ரெண்டு ஓட்டை போட்டுட்டு அவனும் சோப்புக்கு வந்துட்டான்.

2023ல லோட்ஷெட்டிங்னு மின்வெட்டு வேற, ஆர்கான் வெல்டிங் பாதில ஓடிட்டு இருக்கும்போது டப்புனு கரண்ட் போயிடும். வெறுத்துப் போய் கேஸ் வெல்டிங்குக்கு மாறினேன், அது நல்லதாப் போச்சு. கேஸ்ல வச்ச ஒட்டு மென்மையா இருக்கும், அடில டாலின்னு இரும்புக்கட்டைய வச்சுத் தட்டினா விரிசல் விடாது. கரண்ட் ஒழுங்கா இருந்திருந்தா நான் இத யோசிச்சே இருக்க மாட்டேன்.

ரிவெட்டுக்கு ரெண்டு ஆள் வேணும். வெளிய ஒருத்தன் அடிக்கணும், உள்ள ஒருத்தன் இரும்புக்கட்டைய முட்டு குடுத்துப் பிடிக்கணும். வால் பக்கம் குறுகிப் போயிடும், ஒல்லியா இருந்ததால நான்தான் உள்ள. ஆயிரத்துக்கு மேல அடிச்சோம், காதுல பஞ்சு வச்சும் ராத்திரி படுத்தா டங் டங்னு கேட்டுட்டே இருக்கும். ஒரு ரிவெட் சாஞ்சாலும் வெயில்ல தனியாத் தெரியும், தோண்டி எடுத்து மறுபடி அடிக்கணும்.

பேப்பர் வேலைல புகாட்டி பேரோ பொய் சேஸி நம்பரோ போட மாட்டோம்னு அங்கிள் முதல்லயே கஸ்டமர்கிட்ட சொல்லிட்டாரு. பில்ட்-அப் வண்டி, அதாவது பாகங்கள சேர்த்து கட்டின வண்டி, இங்கத்த பதிவுல அதுக்கு கோட் 3, அப்படித்தான் பதிவு. போலீஸ் கிளியரன்ஸுக்கு இன்ஜின் நம்பர் காட்டணும், ஜாகுவார் வாங்கின ரசீது எல்லாம் பக்காவா இருந்துச்சு, ஆனா நான் அழகா இருக்கட்டும்னு இன்ஜினுக்கு பெயின்ட் அடிச்சதுல நம்பரே மறைஞ்சு போச்சு. அங்கயே குனிஞ்சு உட்கார்ந்து எமரி பேப்பர் வச்சுத் தேய்ச்சேன், பின்னாடி வரிசைல நின்னவங்க எல்லாம் வண்டிய சுத்தி செல்ஃபி எடுத்துட்டு இருந்தாங்க.

வண்டி கைமாறி மூணு வாரம் ஆச்சு. இதுல கதவு கூரை வரைக்கும் ஏறி வெட்டி இருக்கும், டர்பன் மழைக்கு தண்ணி நேரா டிரைவர் தலைலயே சொட்டுதாம். நேத்து கஸ்டமர் தோள்ல ஒரு துண்டோட வந்து இறங்கினாரு. இப்ப ரப்பர் பீடிங் மாத்திட்டு இருக்கேன்.