கைக்குள் ஓடிய எலி

பள்ளிக்கூட மலருக்கு எழுதச் சொன்னதும் கிரிக்கெட்டும் மாங்காய்க் களவும்தான் நினைவுக்கு வந்தன. அவற்றை மற்றவர்கள் எழுதுவார்கள். நான் எங்கள் விலங்கியல் சேரைப் பற்றி எழுதுகிறேன்.

அன்று தவளை வெட்டும் பாடம். மெழுகுத் தட்டில் மல்லாந்து கிடந்த தவளையின் காலில் தோலை உரித்தபடியே, "மசில் எண்டால் என்னடா?" என்றார்.

"தசை, சேர்."

"அது தமிழ். இங்கிலீசில அந்தச் சொல் எங்கையிருந்து வந்தது?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை. முன்வாங்கில் இருந்த என்னை எழுப்பி, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, முழங்கையை மடக்கி நீட்டச் சொன்னார். நோஞ்சான் கைதான். ஆனாலும் தோலுக்கடியில் ஏதோ உருண்டு ஓடியது.

"பார், எலி ஓடுது!"

இலத்தீனில் 'மூஸ்' என்றால் எலி, 'மூஸ்குலுஸ்' குட்டி எலி. ரோமர் தசைக்கு வைத்த பெயர் அதுதான். கிரேக்கரும் எலிக்கும் தசைக்கும் ஒரே சொல்லைத்தான் வைத்திருந்தார்கள். மயோகார்டியம் (இதயத் தசை), மயால்ஜியா (தசைவலி) என்று இன்று நான் வேலை செய்யும் லண்டன் ஆஸ்பத்திரியில் நாள் முழுக்கக் கேட்கும் 'மயோ' அந்தக் கிரேக்க எலி.

சேர் அதோடு விடவில்லை. சுவரில் தொங்கிய கலண்டர் பிள்ளையாரைக் காட்டி, "அவற்றை வாகனம் என்ன?" என்றார். மூஷிகம்! இலத்தீன், கிரேக்கம், சமஸ்கிருதம் மூன்றும் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்று ஆங்கிலேய நீதிபதி வில்லியம் ஜோன்ஸ் 1786இல் கல்கத்தாவில் சொன்ன கதையை அன்றுதான் கேட்டோம். "மூஷிகம் நாங்கள் கடன் வாங்கினது. எலி எங்கட சொந்த எலி" என்று சிரித்தார். தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று சென்னையில் ஆங்கிலேய அதிகாரியாக இருந்த எல்லிஸ் 1816இல் எழுதியதை நான் பிறகுதான் படித்தேன்.

கஸ்தூரிக்கான ஆங்கிலச் சொல்லான 'மஸ்க்'கிலும் இதே எலி ஒளிந்திருக்கிறது. அதன் மூலமான சமஸ்கிருதச் சொல் உடம்பின் எந்த இடத்துக்குப் பெயர் என்பதைச் சேரும் சொல்லவில்லை. பிள்ளைகளும் படிக்கும் மலர், நானும் சொல்லப் போவதில்லை.

சரி, அந்தத் தவணைப் பரீட்சையில் தசைக்கு வரைவிலக்கணம் கேட்டிருந்தார். நான் உற்சாகத்தில் எலி, ரோமர், பிள்ளையார் என்று அரைப் பக்கம் எழுதித் தள்ளினேன். சுருங்குவது, விரிவது பற்றி ஒரு வரி இல்லை. விடைத்தாள் வந்தபோது சிவப்பு மையில் ஒரு முட்டை. முட்டைக்கு இரண்டு காதும் நீண்ட வாலும் போட்டிருந்தார்.