சுங்கான் புகையிலையின் பதம் தேடிய ஒரு வருடம்

போன மாசியில் லண்டனில் இருந்து வந்த பெரியப்பா இரண்டு பேணி சுங்கான் (பைப்) புகையிலை கொண்டுவந்து தந்தார். ஒவ்வொன்றும் 50 கிராம். ஒன்று வெர்ஜீனியா என்ற இனிப்பான இலை, மற்றது லட்டாக்கியா என்ற, புகையில் பதப்படுத்திய இலை கலந்தது. வெர்ஜீனியாவைத் திறந்து, அதே மூடியைத் திரும்ப அமத்தி, அலுமாரியில் வைத்தேன். கிழமைக்கு ஒரு தரம்தான் சுங்கான் பிடிக்கிறேன் என்பதால் அவசரம் ஒன்றும் இருக்கவில்லை. சித்திரை வருசப் பிறப்பன்று எடுத்துப் பார்த்தால் இலை சருகாகிவிட்டது. விரலால் அமத்த மாவாகக் கொட்டியது. பற்றவைத்தால் சூடாகவும் வேகமாகவும் எரிந்து நாக்கைச் சுட்டது.

அந்த வட்டப் பேணிகளின் மூடியை இறுக்கிப் பிடித்திருப்பது உள்ளே காற்று இல்லாத வெற்றிடம்தான். ஒரு தரம் திறந்து காற்று உள்ளே போய்விட்டால் அது பெயருக்கு மட்டும்தான் மூடி. இதை முதலே தெரிந்திருந்தால் அந்தப் பேணி தப்பியிருக்கும்.

காய்ந்ததை மீட்கப் பல வழி சொன்னார்கள். தண்ணீர் தெளிக்காதீர்கள், ஒரு பக்கம் ஊறிப்போய் மறுபக்கம் காய்ந்தே கிடக்கும். நான் செய்தது இதுதான்: அகன்ற கண்ணாடிக் கோப்பையில் இலையைப் பரப்பினேன். கொதித்தாறிய தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியைக் கோப்பையின் வாயில் இழுத்துக் கட்டினேன். துணி இலையில் படக்கூடாது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் கிளறிவிட்டேன். பின்னேரம் ஆக இலை வளையத் தொடங்கிவிட்டது. ஆனால் போன வாசம் முழுக்கத் திரும்பி வரவில்லை. ஈரத்தைத் திரும்பக் கொடுக்கலாம், இலையை விட்டுப் போன எண்ணெய்களைக் கொடுக்க முடியாது.

அப்புறம் ஆனியில், சோளகக் காற்று அடித்துக்கொண்டிருந்த நாட்களில், தராசை வைத்து ஒரு சோதனை செய்தேன். மீட்ட இலையில் 10 கிராம் படி நாலாகப் பிரித்து, பழைய பேணி, சிப் வைத்த பொலித்தீன் பை, ஜாம் போத்தல், ரப்பர் வளையமும் கம்பிப் பூட்டும் உள்ள கண்ணாடிப் போத்தல் என்று நாலு இடத்தில் வைத்தேன். முப்பது நாளில் பேணி 0.9 கிராம் இழந்திருந்தது, பை 0.4. ஜாம் போத்தல் 0.1. ரப்பர் வளையப் போத்தலில் தராசு அசையவே இல்லை. பத்துக் கிராமில் 0.9 என்பது சின்னக் கணக்கு இல்லை. புகைக்கும் பதத்தில் இருக்கிற இலையில் தண்ணீரே கிட்டத்தட்ட 13 வீதம்தான்.

ஜாம் போத்தலைப் பாவிக்கலாம், ஆனால் மூடியை மணந்து பாருங்கள். தேசிக்காய் ஊறுகாய் இருந்த ஒரு போத்தலை எத்தனை தரம் அவித்தும் மூடியின் உள் ரப்பரில் ஏறிய மணம் போகவில்லை. அதைக் குசினிக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

போத்தலுக்குள் இருக்கும் காற்றின் ஈரப்பதத்தை அளக்க ஈரமானி ஒன்றும் வாங்கினேன். மலிவானதை அப்படியே நம்பக்கூடாது. போத்தல் மூடி ஒன்றில் உப்பைப் போட்டு, ஈர மணல் போல ஆகும்வரை சில துளி தண்ணீர் விட்டு, ஈரமானியோடு சேர்த்து இறுக்கமான டப்பாவுக்குள் ஒரு இரவு வையுங்கள். அது 75 வீதம் காட்ட வேண்டும். என்னுடையது 69 காட்டியது, ஆகவே எப்போதும் 6 கூட்டிக்கொள்கிறேன். முதலில் ஆனையிறவுக் கல்லுப்பைத்தான் எடுத்தேன். கடலுப்பில் மக்னீசிய உப்பும் சேர்ந்திருப்பதால் கணக்குப் பிழைக்கும், சுத்திகரித்த தூள் உப்பே சரி.

கார்த்திகை மழையில்தான் பெரிய இழப்பு. லட்டாக்கியாவை நான் நேசித்ததற்குக் காரணம், பொச்சு மட்டைப் புகையில் பாடம் செய்த எங்கள் புகையிலைக் குடிலின் வாசம் அதில் இருந்தது. அதுவும் புகையில் பதப்படுத்தும் இலைதானே. அதில் பாதி கொஞ்சம் காய்ந்தது போலத் தெரிய, யாரோ சொன்னதைக் கேட்டு உருளைக்கிழங்குத் துண்டு ஒன்றைப் போத்தலுக்குள் போட்டேன். அதோடு மழை நாட்களில் தினமும் திறந்து மணந்து பார்த்தேன். ஒன்பதாம் நாள் இலைக்கு மேல் வெள்ளையாக, பஞ்சு நூல் போல, பூஞ்சணம். பழைய இலையில் சில நேரம் மினுங்குகிற படிகம் வரும், அதற்குப் பயமில்லை. இது பஞ்சு, ஈரச் சாக்கு மணம். மேலால் எடுத்துவிட்டு மீதியை வைத்திருக்க மனம் கேட்டது. ஆனாலும் முழுவதையும் கொட்டினேன்.

பக்கத்து வீட்டு ஐயா இளமையில் கொக்குவிலில் சுருட்டுச் சுற்றியவர். லட்டாக்கியாவின் மற்றப் பாதி இருந்த போத்தலைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு சிட்டிகை எடுத்து மூன்று விரலால் அமத்தி, விட்டு, பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, அமத்திப்போட்டு விட்டால் இலை மெல்ல எழும்ப வேணும். கட்டியாய் நிண்டால் ஈரம், நொறுங்கினால் காய்ச்சல். உது பதம். இனி மூடிவைச்சிட்டுக் கையை எடு, சும்மா சும்மா திறவாதை."

வீட்டுக்கு வந்து ஈரமானியை உள்ளே வைத்தேன். ஆறைக் கூட்டினால் 62. சுங்கானுக்கு 60 முதல் 65 வரை நல்லது என்கிறார்கள். அவர் விரல் சொன்னதும் அதே இடம்தான்.

வண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். உள்ளூர்ப் புகையிலையை அதே தட்டில் வைக்காதீர்கள். மல்லியையும் மிளகாய்த் தூளையும் துளைக்கிற அதே சின்ன மண்ணிற வண்டு புகையிலையையும் துளைக்கும், எங்கள் சூட்டில் அதன் முட்டை பொரிக்கக் காலம் எடுக்காது. சந்தேகமான இலையைப் போத்தலோடு நாலைந்து நாள் பிரீசரில் வைத்து, வெளியே எடுத்தபின் குளிர் முழுவதும் போகும்வரை மூடியைத் தொடாமல் விடுங்கள். சாதாரணமாகச் சேமிக்க பிரிட்ஜ் வேண்டாம், வெளியே எடுத்ததும் உள்ளே வியர்க்கும்.

மார்கழியில் பெரியப்பா இன்னும் 50 கிராம் வெர்ஜீனியா அனுப்பினார். இந்த முறை 25 கிராம் படி இரண்டு சின்னப் போத்தல். இரண்டையும் அவித்து, வெயிலில் காயவைத்து, மழை விட்ட ஒரு நாள் மத்தியானம் நிரப்பினேன். ஒன்று பாவனைக்கு. மற்றது அறையின் இருட்டு மூலையில் மண் சுவரோடு இருக்கிறது. வெர்ஜீனியாவில் இயற்கையாகவே இனிப்பு அதிகம், வருடக்கணக்கில் மூடியிருந்தால் இன்னும் கனியும். போத்தலில் பெயரும் நாளும் மொத்த நிறையும் எழுதி ஒட்டியிருக்கிறேன்: 312.6 கிராம். நேற்றுத் திறக்காமல் நிறுத்துப் பார்த்தேன். 312.6.