வேதத்தில் இல்லாத ஆறாம் தலம்

நேர்ச்சை தீர்க்க எருசலேமுக்குப் போகிறவர்கள் ஒரு வெள்ளிக்கிழமையை ஒதுக்கிவையுங்கள். அன்று பிற்பகல் 3 மணிக்கு, கோடையில் 4 மணிக்கு, பிரான்சிஸ்கன் சபையார் சிலுவைப்பாதை நடத்துகிறார்கள், இயேசு சிலுவை சுமந்த வழியில் பதினான்கு தலங்களில் நின்று செபிக்கும் பவனி அது. சிங்க வாசல் பக்கம் தொடங்கி மொத்தம் 600 மீட்டர் அளவுதான். ஆனால் தெருக்கற்கள் தேய்ந்து வழுக்கும், செருப்புக்கு நல்ல பிடி வேண்டும். கடைக்காரர் கூவலும் கையைப் பிடித்திழுக்கும் வழிகாட்டிகளும் செபத்தைப் பாதியில் அறுத்துவிடுவார்கள். எட்டாம் தலத்திலிருந்து நேரே போக வழியில்லை. வந்தபடியே சந்தைக்குத் திரும்பிப் படியேறினால்தான் ஒன்பதாம் தலம். கூட்டத்தில் குழுவைத் தவறவிடுவது இங்கேதான். கடைசி ஐந்தும் திருக்கல்லறைக் கோவிலுக்குள்.

இயேசு மூன்று முறை விழுந்ததாக நாம் முழந்தாளிடுகிறோமே, நான்கு நற்செய்திகளிலும் ஒரு விழுதல்கூட இல்லை. வழியில் தாயைச் சந்தித்ததும் இல்லை. யோவான் அந்தத் தாயைச் சிலுவையடியில்தான் காட்டுகிறார். ஐந்தாம் தலத்தில் சிலுவை சுமக்கும் சீமோன் மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரிடமும் உண்டு. யோவானிலோ ஆண்டவர் தாமே சுமந்து போகிறார். எட்டாம் தலத்தில் அழும் பெண்கள் லூக்கா 23இல் மட்டும். தலங்கள் பதினான்கு என்று திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமெண்ட் உறுதிசெய்ததே 1731இல். 1991 பெரிய வெள்ளியன்று இரண்டாம் யோவான் பவுல் வேதத்தில் உள்ளவற்றை மட்டும் எடுத்து வேறொரு பதினான்கு நடத்தினார். கெத்சமனித் தோட்டத்தில் தொடங்கும் அதில், இயேசுவின் முகத்தைத் துணியால் துடைத்து அதில் அவர் சாயலைப் பெற்றதாக மரபு சொல்லும் வெரோணிக்கா கிடையாது.

அந்த வெரோணிக்காவின் ஆறாம் தலத்தில்தான் கால் நகர மறுக்கிறது. பெயரே 'உண்மைச் சாயல்' என்பதிலிருந்து வந்ததென்று இடைக்காலத்திலேயே சொல்லிவிட்டார்கள். சொல்லட்டும். எச்சிலும் இரத்தமும் வழிந்த அந்த முகத்தை ஒருவராவது துடைத்திருக்கமாட்டார்களா என்று தலைமுறை தலைமுறையாக ஏங்கிய ஏக்கம் அந்தச் சுவரில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைப் பவனி இங்கே சில நிமிடமே நிற்கும், பின்னாலிருப்பவர்கள் நெட்டித் தள்ளுவார்கள். மறுநாள் கடை திறக்குமுன் தனியாக வாருங்கள். துடைக்க ஒரு கையும் இல்லாமல் நடந்தீரே சுவாமி, எங்களுக்காக நடந்தீரே, உமக்குத் தோத்திரம், கோடி தோத்திரம்.