விலகல் கடிதம் கொடுத்தவரின் கடைசி மாதம்

யாழ்ப்பாணத்துத் தனியார் நிறுவனங்களில் வேலை செய்யும் பிள்ளைகள், அரச நியமனம் கிடைத்தோ வெளிநாட்டு விசா சரிவந்தோ, ஒரு மாத முன்னறிவித்தலுடன் விலகல் கடிதம் கொடுத்ததும், "தங்கச்சி, நாளையிலிருந்து நீங்கள் வரத் தேவையில்லை" என்று அனுப்பப்படுவதையும், அன்றோடு அவர்களின் சம்பளக் கணக்கு முடிக்கப்படுவதையும் அடிக்கடி கேள்விப்படுகிறேன். அண்மையில் எங்கள் உறவுப் பெண் ஒருத்திக்கும் இதுவே நடந்தது. தானாக விலகினவளுக்கு என்ன உரிமை என்று வீட்டார் விட்டுவிட நினைத்தார்கள். அப்படி விடக் கூடாது.

அவளுடைய நியமனக் கடிதத்தில், எந்தத் தரப்பு விலகினாலும் ஒரு மாத முன்னறிவித்தல் அல்லது ஒரு மாதச் சம்பளம் என்று தெளிவாக இருந்தது. ஊழியர் சொல்லாமல் நின்றால் அந்தச் சம்பளத்தைக் கேட்கும் நிறுவனம், தானே அந்த மாதத்தை வெட்டும்போது அதைக் கொடுக்கவும் கடமைப்பட்டது. காசாளர் மேசையிலோ வாடிக்கையாளர் விபரங்களோடோ இருப்பவரைத் தள்ளி வைக்க முதலாளி விரும்புவது எனக்கு விளங்குகிறது. வீட்டில் இருக்கச் சொல்லட்டும். ஆனால் கடிதத்தில் உள்ள கடைசித் திகதி வரை சம்பளத்தையும், ஊழியர் சேமலாப நிதிக்குரிய 12 வீதத்தையும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குரிய 3 வீதத்தையும் கட்டட்டும்.

அவளுடைய விடயத்தில் அந்தத் திகதிக்கு இன்னொரு பெறுமதியும் இருந்தது. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் 5 வருட சேவையை முடித்தவருக்கு, அவர் தானாக விலகினாலும், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் சேர வேண்டும். அவளுடைய ஐந்தாவது வருடம் அந்த முன்னறிவித்தல் மாதத்துக்குள்தான் நிறைவடைய இருந்தது. மாதத்தை வெட்டினால் இரண்டரை மாதச் சம்பளமும் சேர்ந்தே போகிறது. நிறுவனம் இதைக் கணக்குப் பார்த்துச் செய்ததா என்று நான் சொல்ல மாட்டேன். விளைவு அவளுக்கு ஒன்றுதான்.

ஊழியர் தன் கடிதத்தில் குறிப்பிட்ட நாளுக்கு முன், அவருடைய சம்மதமில்லாமல் வேலையை முடிப்பது, என் பார்வையில், விலகல் அல்ல, முதலாளி செய்த பணிநீக்கம். ஒழுக்காற்றுக் காரணமில்லாத பணிநீக்கத்துக்கு, இதே அளவு நிறுவனங்களில், ஊழியரின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ வேண்டும் என்கிறது 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம். ஆகவே "சம்மதத்துடன் இன்றே விலகுகிறேன்" என்று எழுதப்பட்ட தாளை நீட்டினால் கையொப்பமிட வேண்டாம். நல்லகாலமாக அவள் இடவில்லை.

தன் கடைசித் திகதி மாறவில்லை என்று நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதிவிட்டு, பிரதியையும் நியமனக் கடிதத்தையும் சம்பளச் சிட்டைகளையும் எடுத்துக்கொண்டு தொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் போயிருக்கிறாள். பணிநீக்க முறைப்பாடுகளை விசாரிக்கும் தொழில் நியாய சபைக்குப் போக நேர்ந்தால், வேலை முடிக்கப்பட்ட நாளிலிருந்து 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.