குளியலறை வடிகாலை இடம் மாற்றிய அனுபவம்

எங்கள் வீட்டின் முதல் மாடிக் குளியலறையில் ஷவர் ஒரு மூலையிலும், தண்ணீர் வடியும் நஹானி டிராப் அதற்கு நேரெதிரே கதவோரத்திலும் இருந்தன. குளித்த தண்ணீர் தரை முழுவதையும் கடந்தே வெளியேற வேண்டியிருந்ததால், வயதான அம்மா கால் வைக்கும் இடம் எந்நேரமும் ஈரமாகவே கிடந்தது. டைல்ஸ் மாற்றும் வேலையோடு வடிகாலையும் ஷவருக்கு அடியிலேயே கொண்டுவந்துவிட வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

வடிகாலை எங்கே வைக்கலாம் என்பதைத் தரைக்கு அடியில் கிடைக்கும் ஆழமே தீர்மானிக்கிறது. எங்கள் குளியலறைத் தளம் பக்கத்து அறைகளைவிட ஓர் அடி தாழ்த்திப் போடப்பட்ட சங்கன் ஸ்லாப் என்பதால், குழாயைத் தளத்தின் மேலேயே கொண்டுசெல்ல இடமிருந்தது. தாழ்த்தாத தளமாக இருந்தால் ஸ்லாபில் துளையிட்டுக் கீழறைக் கூரையடியில் குழாயைத் தொங்கவிட வேண்டும், அல்லது குளியலறைத் தரையை உயர்த்த வேண்டும். முழங்கால் வலியுள்ளவருக்குப் படி ஏறி இறங்கும் குளியலறை கொடுமை. புதிய இடத்திலிருந்து வெளிச்சுவர்க் குழாய் வரை 7 அடி. 75 மி.மீ. குழாய்க்கு 60-க்கு 1 என்று வாட்டம் (சரிவு) கொடுத்தால், அந்தத் தூரத்துக்கு ஏறக்குறைய 35 மி.மீ. இறக்கம் வேண்டும். அதனோடு டிராப்பின் உயரம், சிமென்ட் தளம், டைல்ஸ் கனம் ஆகியவற்றையும் கூட்டிப் பார்த்து, ஓர் அடிக்குள் அடங்கும் என்று தெரிந்த பின்னரே உடைக்கச் சொன்னேன்.

தரையைப் பெயர்த்தபோது உள்ளே நிரப்பியிருந்த செங்கல் சில்லுகள் ஊறிக் கறுத்துப்போய், கையில் எடுத்தால் சேறாக ஒட்டின. பழைய குழாயின் ஓர் இணைப்பு பசை போடாமல் வெறுமனே செருகப்பட்டிருந்தது. கீழறைக் கூரையில் வெகுநாளாகப் படர்ந்திருந்த ஈரக்கறைக்குக் காரணம் அதுதான். நிரப்பியது அனைத்தையும் அள்ளி வெளியேற்றி, தளம் நன்றாகக் காயும்வரை காத்திருந்தோம்.

குழாய் திரும்பும் இடத்தில், “சார், தொண்ணூறு டிகிரி பெண்டு போட்டா தலைமுடியும் சோப்பு அழுக்கும் அங்கேயே நிக்கும், ரெண்டு நாற்பத்தஞ்சு டிகிரி போட்டுடலாம்” என்றார் பிளம்பர். அனுபவம் பேசிய பேச்சு அது, அப்படியே செய்தோம். டிராப்பைத் தேர்ந்தெடுக்கும்போது உள்ளே 50 மி.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்து வாங்கினேன். சாக்கடை நாற்றத்தையும் கரப்பான் பூச்சியையும் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். குழாயை மூடுவதற்கு முன், சுவரிலிருந்து அது செல்லும் தூரம் தெரியுமாறு அளவு நாடாவை வைத்துப் படம் எடுத்துக்கொண்டேன்.

வாட்டர் ப்ரூஃபிங் பூச்சை ஒரு கோட்டு நெடுக்காகவும், அது காய்ந்தபின் அடுத்ததைக் குறுக்காகவும் அடித்து, ஷவர் பக்கச் சுவரில் ஆளுயரத்துக்கு ஏற்றினோம். பிறகு வெளிப்போக்கை அடைத்துத் தண்ணீரைத் தேக்கி 48 மணி நேரம் விட்டதில், குழாய் சுவரைத் துளைத்து வெளியேறும் இடத்தைச் சுற்றி மெல்லிய ஈர வளையம் தெரிந்தது. அந்தத் துளையைச் சுருங்காத கிரௌட் என்னும் அடைப்புக் கலவை கொண்டு அடைத்து, மேலே மீண்டும் பூச்சு கொடுத்து, மறுபடியும் தேக்கிப் பார்த்து, கசிவில்லை என்று உறுதியான பின்னரே குழியை நிரப்ப அனுமதித்தேன். நேரமில்லை என்று பலர் கைவிடும் சோதனை இது. டைல்ஸ் பதித்தபின் இதே கசிவு தெரிந்திருந்தால் தரை முழுவதையும் மறுபடி பெயர்க்க வேண்டியிருந்திருக்கும்.

டைல்ஸ் பதிக்கும்போது கொத்தனார் நான்கு மூலைகளிலிருந்தும் டிராப்புக்கு நூல் கட்டி, 80-க்கு 1 என்ற வாட்டத்தில் தரையை இறக்கினார். டிராப்பைச் சுற்றியுள்ள டைல்ஸை மூலைவிட்டமாக வெட்டி இறக்கியதால் நாற்புறத்துத் தண்ணீரும் தடங்கலின்றி டிராப்பின் மேலுள்ள ஜாலிக்குள் (துளைத் தகடு) இறங்குகிறது. கதவோரம் இப்போது காய்ந்தே இருக்கிறது. வெளியூர் போய் வாரக் கணக்கில் வீட்டைப் பூட்டி வைத்தால் டிராப்பிலுள்ள தண்ணீர் வற்றிவிடும் என்பதால், திரும்பி வந்ததும் முதல் வேலையாக ஒரு குவளைத் தண்ணீரை அதில் ஊற்றுகிறோம்.