136 குதிரை போதுமா?

மார்ச் 3, ஞாயிறு

என் முதல் காராக ஒரு பழைய வேகக் கார் வாங்க வேண்டும். பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. மஸ்டா எம்எக்ஸ்-5, டொயோட்டா ஜிடி86, மஸ்டா ஆர்எக்ஸ்-8, சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட், ஃபோர்டு ஃபியஸ்டா எஸ்டி, 300 குதிரைத்திறன் உள்ள ஒரு டர்போ செடான் (டர்போ என்பது இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அமுக்கிச் சக்தியைக் கூட்டும் கருவி). எல்லாவற்றுக்கும் மேலே ஹோண்டா எஸ்2000. அது ஆசைக்கு எழுதி வைத்தது. 2 லிட்டர் இன்ஜின், டர்போ கிடையாது, 9,000 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை சுழலும். அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே காணொளிகளைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனால் நல்ல நிலையில் இருப்பவையெல்லாம் சேகரிப்பவர்கள் கைக்குப் போய்விட்டன. மிஞ்சியவற்றில் பாதி எங்கேயோ இடித்துக்கொண்டு வந்தவை. ஆரம்பகால வண்டிகள் ஈரச் சாலையில் பின்பக்கத்தைச் சட்டென்று உதறும் என்ற பேரும் உண்டு. பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

அப்பா மறுப்புச் சொல்லவில்லை. நிபந்தனை மட்டும் போட்டார்: ஏர்பேக் வேண்டும், ஈஎஸ்சி வேண்டும். "எவ்வளவு வேகமா போகும்னு நான் கேக்கலடா. வழுக்கினா எது புடிச்சு நிறுத்தும், அதைச் சொல்லு." நியாயம்தான். கார் நாம் ஸ்டியரிங்கைத் திருப்பிய பக்கம் போகாமல் வேறு பக்கம் போகிறது என்று தெரிந்தால், ஈஎஸ்சி தேவையான சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்து இழுத்துப் பிடிக்கும். 1995-ல் பாஷ் நிறுவனமும் மெர்சிடஸும் சேர்ந்து முதலில் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய அழகிகள் எல்லாம் இந்த ஒரு வரியிலேயே காலி. 1976 கோல்ஃப் ஜிடிஐ உட்பட.

மார்ச் 6, புதன்

சித்தப்பா பட்டியலைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு வேலை கொடுத்தார். (அவர் பட்டறை வைத்திருப்பவர், அதிகம் பேசமாட்டார்.) ஒவ்வொரு காருக்கும் எடையை எழுது, ஒரு டன்னுக்கு எத்தனை குதிரை வருகிறது என்று போடு.

போட்டுப் பார்த்தேன். பழைய ஸ்விஃப்ட் ஸ்போர்ட், அதாவது டர்போ இல்லாத 1.6 லிட்டர்: 136 குதிரைத்திறன், ஏறத்தாழ 1,050 கிலோ. டன்னுக்கு 130. ஜிடி86: 200 குதிரைத்திறன், ஏறத்தாழ 1,240 கிலோ, டன்னுக்கு 160 சொச்சம். செடான் 1,600 கிலோ, டன்னுக்கு 187. ஒரு வேடிக்கைக்காக அந்த 1976 கோல்ஃப் ஜிடிஐ-யையும் போட்டேன். 110 குதிரைத்திறன், 810 கிலோ, டன்னுக்கு 136. சின்ன வேகக் கார் என்ற வகைக்கே பேர் வாங்கிக் கொடுத்த வண்டிக்கும் இந்த ஸ்விஃப்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே கணக்கு!

காகிதத்தில் 136-க்கும் 300-க்கும் இடையே இருந்த பெரிய பள்ளம், எடையால் வகுத்ததும் பாதிக்கு மேல் தூர்ந்துவிட்டது. அதுவும் முன்னோக்கிப் போவதற்கான கணக்கு மட்டும். நிறுத்துவதற்கும் திருப்புவதற்கும் எடைதான் பேசும். பிரேக், டயர், சஸ்பென்ஷன் எல்லாவற்றுக்கும் அந்தக் கூடுதல் 550 கிலோ ஒவ்வொரு வளைவிலும் பாரம்தான். 1996-ல் லோட்டஸ் எலீஸ் வந்தபோது 118 குதிரைதான், ஆனால் எடை 725 கிலோ. அதை ஓட்டியவர்கள் இன்றும் விடாமல் பேசுவது இதனால்தான்.

மார்ச் 9, சனி

செடானை ஓட்டிப் பார்த்தேன். பக்கத்தில் காரின் சொந்தக்காரர்.

உண்மையைச் சொல்கிறேன், முதல் தடவை ஆக்சிலரேட்டரை அழுத்தியபோது சிரித்துவிட்டேன். டர்போ ஊதத் தொடங்கியதும் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் அடுத்த நிமிடமே காலை எடுக்க வேண்டியிருந்தது. இரண்டாம் கியர் முடிவதற்குள்ளேயே வேக வரம்பு வந்துவிடுகிறது. அப்புறம் மூன்றாம் கியர், நான்காம் கியர் எல்லாம் எதற்கு இருக்கின்றன? வளைவிலும் அதே கதை. பொதுச் சாலையில் போகக்கூடிய வேகத்துக்கு அந்தக் கார் தூக்கத்திலிருந்துகூட எழவில்லை. டயர் என்ன செய்கிறது என்று ஸ்டியரிங்கில் ஒன்றும் தெரியவில்லை. அது விழித்துக்கொள்ளும் வேகத்துக்குப் போனால், தப்பு நடக்கும்போது நான் அறியாத வேகத்தில் இருப்பேன். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்கு. எந்த டர்போவும் இந்தக் கணக்கை மாற்றாது.

சொந்தக்காரர் நல்ல மனிதர். "தம்பி, இன்னும் ரெண்டு வருஷம் கழிச்சு வாங்கிக்கோங்க" என்றார். வண்டியை விற்க நிற்பவர் வாயிலிருந்து இதை எதிர்பார்க்கவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

இன்ஷூரன்ஸ் விசாரித்தேன். வயது, லைசென்ஸ் வாங்கி எத்தனை வருடம், இன்ஜின் சக்தி, இந்த மூன்றும் சேர்ந்து பிரீமியத்தைத் தூக்குகின்றன. செடானுக்கு வந்த தொகையைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் காட்டாமல் தாளை மடித்து வைத்தேன். இன்னொரு விஷயம்: சைலன்சர், ஸ்பிரிங், இன்ஜின் டியூனிங் என்று எதை மாற்றினாலும் காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் விபத்துக்குப் பிறகு பணம் கேட்கப் போகும்போது கையை விரிக்கலாம். ஏற்கெனவே மாற்றங்கள் செய்த வண்டியை வாங்கினாலும் இதே நிலைதான். கார் வாங்கும் பணத்தை மட்டும் எண்ணிக்கொண்டு கிளம்பினால் முதல் வருடத்திலேயே நாலு டயர் போடக் காசு இருக்காது. டயர், பிரேக், எண்ணெய், பிரீமியம் எல்லாவற்றுக்கும் ஒதுக்கிவிட்டு மிச்சத்துக்குத்தான் கார் என்று பட்ஜெட்டைத் திருப்பிப் போட்டேன். பட்டியல் இன்னும் குட்டையானது.

மார்ச் 17, ஞாயிறு

நேற்றும் இன்றும் பின்சக்கர இயக்கக் கார்கள்.

நேற்று எம்எக்ஸ்-5, மூன்றாம் தலைமுறை. கியர் மாற்றுவது மட்டுமே ஒரு சுகம். கைமணிக்கட்டை அசைத்தால் போதும். 1989-ல் வந்த நாளிலிருந்து பத்து லட்சத்துக்கு மேல் விற்றிருக்கிறது என்றால் சும்மா இல்லை. மேற்கூரையைத் திறந்து மெதுவாகப் போனாலே வேகமாகப் போவதுபோல் இருக்கிறது, அதுதான் எனக்கு வேண்டியதும். ஆனால் சித்தப்பா குனிந்து, கதவுக்குக் கீழே ஓடும் பட்டையில் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் விரலால் தட்டினார். மற்ற இடங்களில் வந்த 'டங்' அங்கே வரவில்லை. மந்தமாக ஒரு சத்தம். உள்ளே துருப்பிடித்து, மேலே புட்டி மாவு பூசி, பெயின்ட் அடித்திருக்கிறார்கள். இந்தக் காரில் துரு முதலில் பிடிப்பதே அங்கேதான். கூரையில் இறங்கும் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்துக்கொண்டால் போதும்.

இன்று ஜிடி86. பட்டியலில் மனசுக்கு ரொம்ப நெருங்கியது இதுதான், அதனால் ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. உட்கார்ந்தால் தரையில் உட்கார்ந்த மாதிரி. இன்ஜின் தாழ்வாகப் படுத்திருக்கிறது. பிஸ்டன்கள் எதிரெதிராகக் கிடைமட்டத்தில் அடித்துக்கொள்ளும் வகை, அதனால் புவிஈர்ப்பு மையம் கீழே. 2012-ல் இது வந்தபோது வேண்டுமென்றே சாதாரணமான, ஒல்லியான டயர்களைப் போட்டார்கள். பிரியஸ் காருக்கும் கிடைத்த அதே ரகம். பிடிப்பு குறைந்தால் குறைந்த வேகத்திலேயே வண்டி அசையும், ஓட்டுபவருக்கும் அது தெரியும் என்பது யோசனை. எனக்கு அது அழகான யோசனையாகத் தோன்றுகிறது.

இந்தக் குறிப்பிட்ட வண்டியில் அந்த யோசனை எதுவும் மிச்சமில்லை. ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தியிருக்கிறார்கள், அகல டயர் போட்டிருக்கிறார்கள். சாலையில் சின்ன மேடு வந்தால் முதுகெலும்பு எண்ணப்படுகிறது. அசல் ஸ்பிரிங் எங்கே என்று கேட்டதற்குப் பதில் இல்லை. இன்னொரு நல்ல ஜிடி86 தேடலாம்தான். ஆனால் பிரீமியமும், மாற்றம் செய்யாத வண்டி கிடைக்காததும் சேர்ந்து என்னைத் தள்ளுகின்றன.

மார்ச் 21, வியாழன்

பின்சக்கரமா முன்சக்கரமா என்று நண்பனோடு போனில் சண்டை. பின்சக்கரம் தள்ளாத கார் காரே இல்லை என்பது அவன் கட்சி.

என் பக்கத்தை இங்கே எழுதி வைக்கிறேன். முன்சக்கர இயக்கத்தில் இழுப்பதும் திருப்புவதும் ஒரே டயர்கள். வளைவுக்குள் அளவுக்கு மீறி நுழைந்தால் மூக்கு வெளிப்பக்கமாகத் தள்ளும், காலைக் கொஞ்சம் எடுத்தால் சரியாகிவிடும். புதிதாக ஓட்டுகிறவன் பயத்தில் செய்யும் முதல் காரியமும் காலை எடுப்பதுதானே? பின்சக்கர இயக்கத்தில் வளைவிலிருந்து வெளியேறும்போது ஆத்திரப்பட்டு அழுத்தினால் பின்பக்கம் சுற்றும். அங்கே எதிர்த்திசையில் ஸ்டியரிங் திருப்பத் தெரிய வேண்டும், அதுவும் உடனே.

ஆனால் முன்சக்கரம் என்றால் முழுப் பாதுகாப்பு என்று நினைப்பதும் தவறு. குட்டையான, கெட்டியான சின்ன வேகக் காரில், வேகமான வளைவின் நடுவே சட்டென்று காலை எடுத்தால் எடை முன்னால் பாய்ந்து பின்சக்கரங்கள் லேசாகிவிடும். பின்பக்கம் வழுக்கும். பழைய பெஜோ 205 ஜிடிஐ இதற்கே பேர்போனது. நல்ல ஓட்டுநர்கள் இதைத்தான் வேண்டுமென்றே பயன்படுத்திக் காரைத் திருப்புகிறார்கள். வளைவுக்கு முன்னாலேயே நேராக இருக்கும்போது பிரேக்கை முடித்துவிடு, உள்ளே போனதும் கால் நிதானமாக இருக்கட்டும்: இதை எந்தச் சக்கர இயக்கத்திலும் கற்றுக்கொள்ளலாம்.

அவன் ஒத்துக்கொள்ளவில்லை. சரி, அவன் ஓட்டுவது அவன் அம்மாவின் ஆட்டோமேட்டிக் கார்.

மார்ச் 24, ஞாயிறு

ஆர்எக்ஸ்-8: பார்க்கப் போகவில்லை. சுழல் இன்ஜின், பிஸ்டனே இல்லை, உறுமாமல் ரீங்காரமிடும், எல்லாம் சரி. உள்ளே சுழலும் பகுதியின் முனைகளில் இருக்கும் சீல்களுக்கு உயவு வேண்டும் என்பதற்காக அது எண்ணெயை எரிப்பது வடிவமைப்பிலேயே உள்ளது. அந்தச் சீல்கள் தேய்ந்தால் அழுத்தம் போய்விடும், சூடான இன்ஜின் திரும்ப ஸ்டார்ட் ஆகாது. வாங்குவதற்கு முன் அந்த இன்ஜினுக்கென்றே உள்ள கருவியால் அழுத்தம் பார்க்க வேண்டும். "முதல் காரா? வேண்டாம்," என்றார் சித்தப்பா. அத்தோடு முடிந்தது.

மார்ச் 30, சனி

ஸ்விஃப்ட் ஸ்போர்ட், 1.6, ஆறு கியர். ஒரே சொந்தக்காரர் ஓட்டிய வண்டி.

நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முதல் நாளே கேட்டுக்கொண்டிருந்தேன். போனதும் பானெட்டில் கை வைத்துப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. சூடாக்கி வைத்த இன்ஜின் நிறைய விஷயங்களை மறைத்துவிடும். சாவியைத் திருப்பியதும் இன்ஜினுக்குள் ஓடும் செயினின் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்தேன், இல்லை. சைலன்சரிலிருந்து கொஞ்சம் நீராவி, அவ்வளவுதான். ஓட்டும்போது, இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு மறுபடி அழுத்தச் சொன்னார் சித்தப்பா. பின்னால் நீலப் புகை வந்தால் எண்ணெய் உள்ளே இறங்குகிறது என்று அர்த்தம். வரவில்லை. நாலாம் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது முழுதாக அழுத்தினேன். ஆர்பிஎம் மட்டும் தாவி ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. இரண்டும் சேர்ந்தே ஏறின.

டயரில்தான் கதை இருந்தது. பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 3521 என்றால் 2021-ன் 35-ஆவது வாரம். முன்டயர்கள் இரண்டும் ஒரே ரகம், ஒரே காலம். பின்டயர்கள் அவற்றைவிட ரொம்பப் பழையவை, பள்ளங்களுக்கு நடுவே மயிரிழை வெடிப்புகள். இடது முன்டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தது. அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) போயிருக்கலாம், அல்லது எங்கேயாவது பலமாக இடித்திருக்கலாம். சித்தப்பா அரை மணி நேரம் கீழே படுத்துப் பார்த்தார். சஸ்பென்ஷன் கைகள் வளையவில்லை, போல்ட்டுகளில் ஸ்பானர் பட்ட தழும்பு இல்லை. காரின் கணினியில் பதிவான பிழைகளைப் படிக்கும் ஓபிடி கருவியைச் செருகினோம். பிழை எதுவும் இல்லை; சுயசோதனைகள் எல்லாம் முடிந்ததாகவே காட்டியது. முந்தைய நாள் யாராவது பிழைகளை அழித்திருந்தால் அவை முடியாமல் நிற்கும்.

அப்புறம் நான் ஓட்டினேன். 4,000-க்குக் கீழே சாதாரணக் கார். மேலே போனால் குரல் மாறுகிறது, 6,900 வரை ஏறிக்கொண்டே இருக்கிறது. இரண்டாம் கியரில் சிவப்புக் கோடு வரை இழுத்தும் நெடுஞ்சாலை வரம்பைத் தாண்டவில்லை. வேகம் குறையாமல் காப்பாற்ற வேண்டும், கியரைச் சரியான இடத்தில் மாற்ற வேண்டும், சோம்பேறியாக இருந்தால் ஒன்றும் கிடைக்காது. செடானில் நான் பயணி மாதிரி இருந்தேன். இதில் வேலை எனக்கு.

ஏப்ரல் 2, செவ்வாய்

வாங்கிவிட்டேன். டயர் நாலும் மாற்றும் செலவைச் சொல்லிப் பேரம் பேசியதில் சொந்தக்காரர் இறங்கி வந்தார். 1.4 லிட்டர் டர்போ வந்த புதிய ஸ்விஃப்ட் ஸ்போர்ட் இன்னும் எடை குறைவு, கீழேயே இழுக்கும், அதையும் பார்த்திருக்கலாமே என்று நண்பன் கேட்டான். பட்ஜெட்டுக்குள் வரவில்லை. தவிர எனக்கு மேலே ஏறிப் போய்ப் பலன் தரும் இன்ஜின்தான் பிடிக்கிறது. ஃபியஸ்டா எஸ்டி-யை ஓட்டிப் பார்க்காமலே முடித்தது ஒன்றுதான் குறை.

ஏப்ரல் 20, சனி

இதுவரை செய்தவை: நாலும் புது டயர், அலைன்மென்ட், இன்ஜின் ஆயில், கியர் ஆயில், பிரேக் ஆயில். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சிவிட்டால் கொதிநிலை இறங்கும், தொடர்ந்து பிடிக்கும்போது உள்ளே ஆவிக் குமிழ் வந்து பெடல் பஞ்சாகிவிடும். வெளியே வந்த பழையது தேயிலைச் சாயம் மாதிரி இருந்தது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதை யாரோ மறந்திருக்கிறார்கள்.

அடுத்த வாரம் ஈரத் தளத்தில் பயிற்சிக்குப் பதிவு செய்திருக்கிறேன். ஹெல்மெட் அவர்களே தருகிறார்கள், டயர் அழுத்தத்தை மட்டும் குளிர்ந்த நிலையில் பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள். அப்பாவும் வருகிறாராம். "புடிச்சு நிறுத்தற அந்தச் சமாச்சாரத்தை நானும் உக்காந்து பாக்கணும்" என்கிறார்.