எதிர்ப்பக்கத்து ஆள்

பட்டுத்தறிக் கூடத்துக்கு நான் அமைத்துக் கொடுத்த ஒலி நான்கு நிமிடம் ஓடி, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அருங்காட்சியகம் எட்டு மணி நேரம் திறந்திருப்பதால், வாசலில் நிற்கும் காவலர் அதை ஒரு நாளில் 120 முறை கேட்கிறார். அவர்கூடக் குறை சொன்னதில்லை. திறப்பு நாளன்று ஒரே ஒருவர்தான் சொன்னார். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் யார் வீட்டில் ஒலிப்பதிவு செய்தேனோ அந்த நெசவாளர்.

"நல்லாத்தான் இருக்குது சார். ஆனா எதிர்ப்பக்கம் ஆளக் காணோமே?"

காட்சிக்கு வைத்திருந்த வெறும் தறியைச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். ஒலியைத்தான் சொன்னார் என்பது அன்றிரவு ரயிலில்தான் உறைத்தது.

காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வெவ்வேறு நிறம் என்பதால் குறுக்கிழையைக் கொண்டு செல்லும் நாடாக்கள் மூன்று ஓடும். கரை நாடாவை வாங்கித் திருப்பிப் போட நெசவாளருக்குத் துணையாக இன்னொருவர் உட்கார வேண்டும். அந்த வீட்டில் அது அவருடைய மனைவி. அந்த அம்மாள் நாடாவை வாங்கிப் போடும் நேரம் ஒலிப்பதிவில் வெறும் மௌனமாக இருந்தது. குறுக்கிழையை நெருக்கும் பண்ணை ஒரு முறை அடிக்கும், மூன்று நான்கு விநாடி ஒன்றும் கேட்காது, மீண்டும் அடிக்கும். இழை அறுந்து முடிச்சுப் போட்ட ஓரிடத்தில் 11 விநாடி. கண்ணாடிப் பேழைகளும் கல் தரையும் உள்ள கூடத்தில் ஒவ்வோர் அடியும் எதிரொலித்து அடங்கியபின் அந்த மௌனம் இன்னும் நீளமாகத் தெரிந்தது. ஒத்திகையின்போது, ஸ்பீக்கர் பழுதா என்று காட்சிப் பொறுப்பாளர் கேட்டார். நான் இடைவெளிகளை வெட்டி, அடிகளைச் சீராக நெருக்கி வைத்தேன். யாரும் வற்புறுத்தவில்லை.

பேழை முன்னால் ஒரு நிமிடம் நிற்பவரே அபூர்வம். அதற்குள் தறி என்று அவர் காதுக்குத் தெரிய வேண்டாமா? இது நியாயமான வாதம் என்றே இப்போதும் கருதுகிறேன். ஆனால் 1985ஆம் ஆண்டின் சட்டத்தால் பட்டுச் சேலை கைத்தறிக்கென ஒதுக்கப்பட்டிருக்கிறது என்ற விளக்கப் பலகைக்குப் பக்கத்திலேயே, ஏறக்குறைய விசைத்தறியின் தாளத்தை ஓடவிட்டிருக்கிறேன் என்பதற்கு அந்த வாதத்தில் பதில் இல்லை.

அடுத்த மாதமே வெட்டாத பதிவை மாற்றி வைத்தேன். பார்வையாளர்கள் மௌனத்தில் நகர்ந்துவிடுவதாகவும், சிலர் ஸ்பீக்கரைத் தட்டிப் பார்ப்பதாகவும் ஒரு வாரத்தில் தகவல் வந்தது; பழையதே திரும்பியது. நான் எதிர்த்திருக்கலாம். கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

வெட்டாததுதான் உண்மையான பதிவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். சென்ற வாரம் அந்தக் கோப்பை ஹெட்போனில் முழுதாகக் கேட்டேன். தொடக்கத்தில், நான் வெட்டிவிட மறந்த சில விநாடிகளில், அந்த அம்மாளின் குரல் வருகிறது: "பேசிக்கினே நெய்யலாமா சார்?" அடுத்து என் குரல்: "வேணாம்மா, சத்தம் விழும்."